மலையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளும் பயணப் பொருளும் தேர்ந்தெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் மே மாதச் சீசன் ஓய்ந்து முதல் கனமழை இறங்கியதும், சாலையோரக் கால்வாயில் எவை அடித்துக்கொண்டு வருகின்றன என்று ஒருமுறை நின்று பாருங்கள். சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி, விளக்கு எரியும் பம்பரம், சக்கரம் கழன்ற கார், காது பிய்ந்த ரப்பர் முயல் எனப் பெரும்பாலும் பிள்ளைகளின் கையிலிருந்து விழுந்தவையே வரும். வாங்கிய அன்று மாலையே அவற்றில் பாதி பழுதாகியிருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் பவானியாற்றில் இறங்குகின்றன; மறுபுறத்து நீர் மோயாற்றின் வழியாகச் சுற்றி வந்து அதே பவானிசாகர் அணையில் சேர்கிறது. மலையில் நாம் எறிவது சமவெளியில் ஒருவர் குடிக்கும் தண்ணீரை நோக்கித்தான் உருள்கிறது.

இந்த நீலகிரி மலையில் பிள்ளை வளர்ப்பவர்களையும், பிள்ளைகளோடு மலையேறி வருபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பிள்ளையின் கற்பனை செய்ய வேண்டிய வேலையைப் பொருள் செய்துவிடக் கூடாது. ஒரே பிள்ளையோடு அதன் ஆயுள் முடியக் கூடாது. ஆயுள் முடிந்தபின் அதை மண்ணோ பழைய இரும்புக் கடையோ ஏற்றுக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

முதற்படி: இருப்பதைப் பாயில் கொட்டிப் பார்த்தல்

புதிதாக ஒன்றை வாங்கப் புறப்படும் முன், வீட்டில் உள்ள விளையாட்டுப் பொருட்கள் அனைத்தையும் ஒரு பாயில் பரப்பி வையுங்கள். ஒரு வாரம் எதையும் ஒதுக்காமல், பிள்ளை எதைத் தேடிப் போகிறது, எதை எடுத்தும் உடனே வைத்துவிடுகிறது என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்தபோது, இளையவள் ஏழு நாளும் விடாமல் எடுத்தவை மூன்று: பாட்டி வீட்டிலிருந்து வந்த ஒரு பித்தளை உழக்கு, இரண்டு முழம் பழைய சேலைத் துண்டு, தச்சர் இழைத்துக் கழித்த மரத்துண்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டி. இம்மூன்றில் ஒன்றுகூட விளையாட்டுப் பொருளாகக் காசு கொடுத்து வாங்கியதன்று. பிறந்தநாளுக்கு வந்த மின்கல ரயிலோ மூன்றாம் நாளிலிருந்து சுவரோரம் கிடந்தது.

வார முடிவில், வயது கடந்துவிட்டவற்றைக் கைமாற்றுவதற்கும், பழுது பார்த்தால் தேறுபவற்றை ஒட்டுவதற்கும் தனித்தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சமிருப்பதைப் பார்த்தால், உண்மையில் என்ன குறைகிறது என்பது தெரியும். கட்டி அடுக்க ஏராளமாக இருந்து, யாராவது ஒருவராக வேடம் போட்டு நடிக்க ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அந்தக் குறையை நிரப்பும் ஒரே ஒரு பொருளைத் தேடுவதே அடுத்த வேலை.

இரண்டாம் படி: பொருளிடம் ஒரு கேள்வி கேட்டல்

கடையில் ஒரு பொம்மையைக் கையில் எடுத்ததும், “பிள்ளை தொடாதபோது இது என்ன செய்யும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடும், ஆடும், மின்னும், தானே ஓடும் என்றால், பிள்ளைக்குப் பார்வையாளர் வேலை மட்டுமே மிஞ்சும். பார்த்துச் சலித்ததும் அதன் கதை முடிந்துவிடும். ஒன்றுமே செய்யாது, சும்மா கிடக்கும் என்றால், அது நல்ல அறிகுறி. சும்மா கிடக்கும் மரக்கட்டை காலையில் தேயிலைத் தொழிற்சாலையாகவும், மதியம் மலை ரயிலாகவும், இரவில் கட்டிலில் படுத்துறங்கும் கைக்குழந்தையாகவும் மாறும். முகமே இல்லாத துணிப் பொம்மை அழவும் சிரிக்கவும் செய்யும். சிரித்த முகம் அச்சிடப்பட்ட பொம்மையை அழவைக்கப் பிள்ளை கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும்.

மரத்தால் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் கற்பனைக்கு இடம் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஒரு விதமாக மட்டும் பொருந்தும் மரப்புதிர், நான்கு முறை போட்டு முடித்த பிள்ளைக்கு அலமாரி அலங்காரம்தான். இதற்கு நேர்மாறாக, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் உறுதியான பிளாஸ்டிக் கட்டைகள் இருபது ஆண்டு கழிந்தும் உடையாமல் அடுத்த தலைமுறைக்குப் போவதைப் பல வீடுகளில் காணலாம். அத்தகைய கட்டைகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சுற்றுச்சூழலின் பெயரால் அவற்றை வெளியே தள்ளிவிட்டு மரக்கட்டை வாங்குவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மையாகாது.

வயதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயது வரை கையால் பற்றி வாயில் வைக்கத் தகுந்த வழவழப்பான மரவளையமும், பனையோலைக் கிலுகிலுப்பையும் போதும். நடை பழகும்போது நடைவண்டி. மூன்று வயதுக்குப் பின் சொப்புச் சாமான். சொப்பை மட்டும் நான் தனியாகப் பரிந்துரைக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிச் செய்யும் மரச்சொப்பாக இருந்தாலும், சந்தையில் விற்கும் மண்சொப்பாக இருந்தாலும், அடுப்பு, பானை, உரல், அம்மி என்று ஒரு வீட்டையே பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடும் வேறொரு விளையாட்டுப் பொருளை நான் கண்டதில்லை. ஆறு, ஏழு வயதானபின் பொம்மையைவிட உண்மையான கருவிகளே பிள்ளைகளை ஈர்க்கும்: ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு மண்வெட்டி, ஊசியும் நூலும், அளவுநாடா.

மூன்றாம் படி: எதனால் செய்யப்பட்டது என்று அறிதல்

‘இயற்கை’, ‘பசுமை’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை என்பதால், அச்சொற்களை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். காட்டை அழிக்காமல் பெற்ற மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. முத்திரையும், இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி என்று காட்டும் ஜி.ஓ.டி.எஸ். முத்திரையும் ஓரளவு நம்பத் தகுந்தவை. ஆனால் நம் ஊர்க் கைவினைஞர் பலர் அவற்றைப் பெறும் செலவைத் தாங்க முடியாதவர்கள். முத்திரை இல்லாத காரணத்தால் அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம்.

மரப் பொம்மைகளில் நமக்கு எளிதாகக் கிடைப்பவை கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள். வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறமூட்டிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பூச்சு தனியாக உரியாமல் மரத்தோடு ஒட்டி நிற்பதற்கு இந்தச் செய்முறையே காரணம். ஆனால் அரக்கு சாராயத்தில் கரையும், சூட்டில் மங்கும். ஆகவே இத்தகைய பொம்மைகளைக் கைகழுவும் சானிடைசராலோ வெந்நீராலோ துடைக்கக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும்.

வண்ணம் பூசிய வேறு மரப் பொம்மை என்றால், கடையிலேயே ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினாலோ, முகர்ந்தால் பெயின்ட் நெடி அடித்தாலோ வாங்க வேண்டாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் பெயின்ட் அடித்த பழைய தொட்டில், மரக்குதிரை போன்றவற்றை வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதும், அந்தப் பெயின்ட்டை உப்புத்தாளால் வீட்டுக்குள் தேய்த்து எடுப்பதும் ஆபத்து; ஈயம் கலந்த தூசி மூச்சிலும் கையிலும் ஒட்டும்.

மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகையால் ஆன பொம்மைகளும் ‘மரம்’ என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. விளிம்பைப் பாருங்கள்: மர ரேகை ஓடாமல் கேக் வெட்டியதைப் போல ஒரே சீராக இருந்தால் அது எம்.டி.எஃப். நம் மலையின் ஈரத்தில் அது ஊறி, உப்பி, இரண்டு மழைக்காலத்துக்குள் உதிரத் தொடங்கும்.

மேலும் இரண்டு ஏமாற்றங்களைச் சொல்ல வேண்டும். ‘மூங்கில் நார்’ என்று விற்கும் வழவழப்பான குழந்தைத் தட்டும் குவளையும் பெரும்பாலும் மூங்கில் தூளை மெலமைன் என்ற செயற்கைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை. சூடான பாலோ ரசமோ ஊற்றினால் அப்பிசினிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியக்கூடும். அது மட்கவும் செய்யாது. நானும் ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் உள்பக்கம் வெளுத்து மாவு மாவாக வருவதைக் கண்டபின்தான் இதை அறிந்தேன். ‘மக்கும் பிளாஸ்டிக்’ எனப்படும் பி.எல்.ஏ. பொருட்களோ 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் தொழிற்கூட உரக்குழியில்தான் ஒழுங்காக மட்கும். உதகையில் உறைபனி விழும் டிசம்பரில், வீட்டுத் தோட்டத்துக் குப்பைக்குழியில் வாழைப்பழத்தோல் மட்கவே வாரக்கணக்கில் ஆகும்போது, பி.எல்.ஏ. கரண்டி அப்படியே கிடக்கும்.

சாதாரணப் பிளாஸ்டிக்கை வாங்கியே தீர வேண்டிய இடத்தில் அடியில் உள்ள முக்கோணத்து எண்ணைப் பாருங்கள். 2, 5 ஆகியவை உறுதியானவை, மறுசுழற்சிக்கு வாங்குபவர்களும் உண்டு. 3 என்றால் பி.வி.சி.; அதை மென்மையாக்கப் பெரும்பாலும் தாலேட்டுகள் எனும் தீங்கான வேதிப்பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. பிசுபிசுப்பும் நெடியும் உள்ள மெல்லிய ரப்பர் பொம்மைகளில் பல இவ்வகையே.

நான்காம் படி: உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்தல்

இந்தப் படியில் எந்தச் சமரசமும் வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டு உண்மைதானா என்று பார்த்துக்கொள்ளலாம். கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞரின் பொருட்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லாத கைவினைப் பொம்மையை நீங்களே சோதித்து வாங்க வேண்டியிருக்கும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் ஓர் அட்டையில் 3.2 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிறுபொருள் சோதனைக்குப் பயன்படும் தரக்குழாயின் விட்டம் 31.7 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. அவ்வட்டத்துக்குள் நுழையும் எதுவும், பொம்மையிலிருந்து இழுத்தால் கழன்று வரும் கண், பொத்தான், சக்கரம் உட்பட, தொண்டையை அடைக்கக்கூடும். ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறு தொங்கும் பொம்மையைத் தொட்டிலருகே வைக்காதீர்கள். ஒளிரும் பொம்மைகளிலும் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் உள்ள பட்டன் பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடல் சுவரின் இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும்.

இயற்கைப் பொருள் என்ற நம்பிக்கையில் நாம் கவனிக்கத் தவறும் ஆபத்தும் உண்டு. பல்லாங்குழிக்கும் பொம்மையின் கண்ணுக்கும் காலங்காலமாகப் பயன்படும் குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையின் கடினமான தோல் அதை அடைத்து வைத்திருக்கிறது. மென்றாலோ, மணியாகக் கோக்கத் துளையிட்டாலோ அந்தக் காப்பு போய்விடும். பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையையோ சோழியையோ கொடுங்கள், அதுவும் மூன்று வயதுக்கு மேல். இம்மலையில் பல வீட்டு வேலிகளில் எக்காளம்போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவைப் பிள்ளைகள் குல்லாவாக வைத்து விளையாடுவார்கள். அது ஊமத்தையின் உறவு. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. அரளிக் குச்சியை எந்த விளையாட்டுக்கும் வெட்டிக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மலை தருவதை முதலில் பார்த்தல்

கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிச் சமூகத்துக் கைவினைஞர்கள் உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, உயிரளவு யானைகளைச் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. காட்டின் அடித்தளத்தை நெரித்து, மானுக்கும் யானைக்கும் புல் இல்லாமல் செய்யும் அந்நியச் செடிதான் உண்ணி. எனவே அதை வெட்டிச் செய்யும் கூடையோ, சிறு நாற்காலியோ, யானை பொம்மையோ எத்தனை வாங்கினாலும் காட்டுக்கு நட்டமில்லை. ‘சூழலுக்கு உகந்தது’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள பொருள் என்று நான் கருதுவது இதைத்தான். செடியின் இலையையும் பச்சைக் காயையும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டை உரித்து வேகவைத்த தண்டில் அந்தக் கவலை இல்லை.

இதே போலக் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) மணிபோன்ற காய், பைன் கூம்பு, உதிர்ந்த சீகை (வாட்டில்) மரக் கிளை ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வந்த மரங்களின் கொடைகள். சீகைக் கிளையைக் குறுக்கே அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தால் வெவ்வேறு உயரமுள்ள உருளைக் கட்டைகள் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது கட்டை செய்துவிடலாம். கற்பூரக் காயைக் கொதிநீரில் போட்டு உலர்த்திவிட்டால் சொப்பு விளையாட்டில் பணியாரமாகவும், கடை விளையாட்டில் காசாகவும் பயன்படும். சிறியது என்பதால் மூன்று வயதுக்கு மேல்தான். உங்கள் தோட்டத்திலோ சாலையோரத்திலோ உதிர்ந்ததை மட்டும் பொறுக்குங்கள். காப்புக்காட்டிலும் சோலைக்காட்டிலும் இருந்து கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, சோலையின் உதிர்ந்த இலைக்கு அங்கேயே வேலை இருக்கிறது.

கோத்தர் மகளிர் வனையும் மட்பாண்டம், தோடர் மகளிர் கறுப்பும் சிவப்புமாக இழைக்கும் பூத்தையல் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பிள்ளை கிழித்துவிடும் பொருளாக அதை வாங்கிக் கொடுப்பதைவிட, ஒரு பெரிய ஊசி, சாக்குத் துண்டு, இரண்டு வண்ணக் கம்பளி நூல் கொடுத்து இழைகளை எண்ணித் தைக்கவிடுவது நல்லது. இழை எண்ணித்தான் அந்த வேலைப்பாடே செய்யப்படுகிறது என்பதை விரல்கள் தாமே கண்டுகொள்ளும்.

ஆறாம் படி: ஈரத்திலிருந்து காத்தல்

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகள் இந்தப் படியைச் சொல்வதில்லை. இங்கே கூடலூரில் தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமும் வாரக்கணக்கில் வெயிலையே மறைத்துவிடும்; மரத்திலும் துணியிலும் பூஞ்சை பூக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் பொம்மைகளை அடைத்து வைப்பதே பெரிய தவறு. காற்றோட்டமுள்ள கூடையில், சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள்.

அரக்கோ பெயின்ட்டோ இல்லாத வெறும் மரத்துக்கு ஆண்டுக்கு இருமுறை மெழுகுப்பூச்சு தேவை. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் என்ற எடைக்கணக்கில் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, ஆறியபின் துணியால் தேய்த்து, மறுநாள் உலர்ந்த துணியால் மெருகிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ் உறைவதால் உதகையில் அந்தப் பசை கட்டியாகவே இருக்கும். கையில் வைத்துச் சூடேற்றித் தேய்க்க வேண்டும். தேன்மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. குறும்பரும் இருளரும் பாறைகளில் தேனெடுக்கும் மலை இது. 1993-இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியிலிருந்து அவர்களோடு இணைந்து பணியாற்றி வருவதால் இங்கு மெழுகும் எளிதில் கிடைக்கிறது.

துணிப் பொம்மை வாங்கினால், உறை தனியாகக் கழற்றித் துவைக்க வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: பயணப் பொருட்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை ஏறும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறோம். வெப்பம் பன்னிரண்டு டிகிரி அளவுக்குக் குறையும், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்காகும். பிள்ளைக்கான பயணப் பொருட்களில் எது தேவை, எது வீண் என்பதை இவ்விரண்டு கணக்குகளே முடிவு செய்கின்றன.

தண்ணீர்ப் புட்டி எவர்சில்வரில், உணவுக்கு உகந்த 304 தரத்தில், வாய் அகலமாக, உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவத் தக்கதாக இருக்கட்டும். உறிஞ்சுகுழல் வைத்த புட்டியைக் கீழே பாதி நிரப்பி மூடி, மேலே வந்து திறந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். முதலில் மூடியை மெல்லத் தளர்த்தி விடுங்கள். கேட்கும் வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடமும் இல்லை.

குளிருக்கு ஒரு தடித்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய ஆடைகள் மேலானவை. ஏற ஏற ஒவ்வொன்றாகப் போடலாம், இறங்க இறங்கக் கழற்றலாம். ‘கம்பளி’ என்று விற்கப்படும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் இழை. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை நீரில் உதிர்க்கும். ஓரத்தில் ஒரு நூலை எடுத்துப் பெரியவர்கள் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: உண்மையான கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். கம்பளி விலை கூடுதல்தான். ஆனால் கைப்பின்னல் ஸ்வெட்டரைப் பிரித்து, அதே நூலில் அடுத்த ஆண்டுக்குப் பெரிதாகப் பின்னிக்கொள்ளலாம். மழைச்சட்டையில் பி.வி.சி. வேண்டாம், அது குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். பூச்சிட்ட நைலானில் ஓர் அளவு பெரிதாக வாங்கிக் கையை மடித்துவிட்டால் மூன்று மழைக்காலம் வரும்.

கைக்குழந்தைக்குத் துணி நாப்கின் என்றால், பல அடுக்காகத் தைத்த விலையுயர்ந்தவை இங்கே மழைநாளில் இரண்டு நாளானாலும் காயாது. பழைய வேட்டியைச் சதுரமாக வெட்டி மடித்துக் கட்டும் பாட்டிமார் முறைதான் மலைக்குப் பொருந்தும். விரித்துப் போட்டால் அடுப்படி வெக்கையிலேயே உலர்ந்துவிடும். நீண்ட பேருந்துப் பயணத்துக்கு மட்டும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினைப் பயன்படுத்துவதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். பயன்படுத்தியதை மூடியுள்ள டப்பாவில் வைத்து ஊருக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

காரில் வருபவர்கள் பிள்ளைக்கான இருக்கையை ஆடம்பரமாக எண்ணக் கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரை இருக்கைப்பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். கொண்டை ஊசி வளைவில் மடியில் வைத்த குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் பழையதாக வாங்குங்கள் என்று சொல்லும் நான், கார் இருக்கையையும் தலைக்கவசத்தையும் மட்டும் புதிதாகவே வாங்கச் சொல்கிறேன். ஒரு விபத்தில் அடிபட்ட இருக்கை வெளியே பழுதில்லாமல் தெரியும். அடுத்த விபத்தில் கைவிடும்.

வளைவுகளில் வரும் வாந்தி பிள்ளைகளின் பயணத்தையே கெடுத்துவிடுகிறது. உள்காது அசைவை உணர, கண்ணோ அசையாத புத்தகப் பக்கத்தையோ திரையையோ பார்க்கும்போது, இரண்டுக்கும் உள்ள முரண்பாடே குமட்டலாகிறது. ஆகவே மலைப்பாதையில் கைபேசி, படப்புத்தகம், வண்ணம் தீட்டும் தாள் மூன்றும் பையிலேயே இருக்கட்டும். கண்ணை வெளியே விட்டுவிட்டு, காதாலும் விரலாலும் நாவாலும் விளையாடத் தக்கவற்றை எடுத்து வாருங்கள்: பழைய காலுறையில் தைத்த கைப்பொம்மை, துணிப்பைக்குள் கைவிட்டுத் தடவியே பெயர் சொல்ல வேண்டிய பத்துப் பொருட்கள், விடுகதை. பிளாஸ்டிக் கவருக்குப் பதில், செய்தித்தாள் விரித்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை எட்டும் இடத்தில் வையுங்கள்.

மலை ரயிலில் வருபவர்களுக்கு நான் சொல்வது ஒரு கயிறு. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. தூரத்தை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. வழியில் 16 குகைகளும் 250 பாலங்களும் உண்டு. ஒவ்வொரு குகையைக் கடந்ததும் பிள்ளை ஒரு முடிச்சுப் போடட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்வும் ஓசை கேட்கும் இடத்தில் வேறு வண்ண நூலைக் கட்டச் சொல்லுங்கள். உதகையில் இறங்கும்போது பயணம் முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கும். அப்படி ஒரு கயிறு எங்கள் வீட்டுச் சுவரில் நான்கு ஆண்டாகத் தொங்குகிறது.

எட்டாம் படி: சோதனைச்சாவடிக்கு முன்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளது. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸும் வேண்டும். பர்லியாறு, குஞ்சப்பனைச் சாவடிகளில் பையைப் பார்ப்பார்கள். நிறைந்த எவர்சில்வர் புட்டியோடு வந்தால், மேலே ஆங்காங்கே உள்ள தண்ணீர் ஏ.டி.எம்.களில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். சாலையோரக் குரங்குகள் சரசரக்கும் பிளாஸ்டிக் பையைத்தான் குறிவைத்துப் பறிக்கும். தின்பண்டத்தை டப்பாவில் வைத்தால் பிள்ளையின் கையும் தப்பும், குரங்கின் வயிறும் தப்பும்.

ஒன்பதாம் படி: கைமாற்றலும் விடைகொடுத்தலும்

எங்கள் தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். வயது கடந்த பொம்மையை அதில் வைக்கும் வீட்டார், அது எதனால் ஆனது, எந்த வயதுக்கு உகந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுவார்கள். எடுக்கும் வீட்டார் அட்டைவட்டத்தால் ஒருமுறை சோதித்துக்கொள்வார்கள். பழுதான மரத்துக்குப் பசையும் இடுக்கியும், துணிக்கு ஊசியும் அந்தப் பெட்டியிலேயே உண்டு. பிள்ளை பார்க்கப் பழுது பாருங்கள்.

இனித் தேறாது என்றானபின், பூச்சில்லாத மரம் அடுப்புக்கும், பருத்தித் துணி துடைக்கும் துண்டாகிப் பின் மண்ணுக்கும், உலோகம் பழைய இரும்புக் கடைக்கும் போகும். பெயின்ட் அடித்த மரத்தையும் பிளாஸ்டிக்கையும் குளிர்காயும் நெருப்பில் போடக் கூடாது. தீர்ந்த பட்டன் பேட்டரிகளின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.